அழிக்கச் சொன்ன பத்தி

என் மகள் எழுதிய ஒரு பத்தியை நான் அழிக்கச் சொன்னேன். அவள் அழித்தாள். நடந்தது அவ்வளவுதான். அந்தப் பத்தி இருந்திருந்தால் அவள் வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. உறுதியாகச் சொல்ல யாருமில்லை. ஆனால் எனக்குள் நான் அப்படித்தான் நம்புகிறேன். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி பாதியாகச் சொன்னதில் எனக்கு நிம்மதியும் வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். பாலிடெக்னிக் முடித்து அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். புனேயில் சம்பளம் கூடுதல் என்று யாரோ சொல்ல, வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். போசரி தொழிற்பேட்டையில் டிராக்டருக்கும் காருக்கும் ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனி. சேரும்போது இன்ஸ்பெக்டர். இருபது வருடம் கழித்து குவாலிட்டி மேனேஜர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று எழுதுவதுகூடப் பொய்தான்.

மகள் பதினொன்றாவது படிக்கும்போது கம்பெனியை மூடினார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலில் நாட்டமில்லை. பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டார். யாரையும் ஏமாற்றவில்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் ஐம்பதை நெருங்கும் டிப்ளமோக்காரனை மேனேஜராக எடுக்க வேறு யாரும் தயாராக இல்லை. ஏழெட்டு மாதம் அலைந்தபின், பொருள் பிரித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் சேர்ந்தேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கார் தொழிற்சாலைக்கு வந்த உதிரிபாகங்களில் பழுது தென்பட்டால், அவர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உங்கள் ஆட்களை அனுப்பி எங்கள் இடத்திலேயே நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுங்கள் என்பார்கள். அந்த ஆட்களை அனுப்புவதற்கென்றே ஏஜென்சிகள் இருக்கின்றன. ஒரு நீள மேசை, தலைக்கு மேல் டியூப் லைட். ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நல்லதென்றால் பெயின்ட் பேனாவால் ஒரு பச்சைப் புள்ளி, கெட்டதென்றால் சிவப்பு. நாள் கணக்கில் சம்பளம். வேலை இல்லாத நாளில் அதுவும் இல்லை.

இது வீட்டுக்குள் மூவருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் இருக்கிற என் அண்ணனுக்குத் தெரியாது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் ஒன்றுகூடுகிற எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியாது. அவர்கள் என்னை ‘மேனேஜர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கன்சல்டிங் என்பேன். தினமும் தேய்த்த சட்டையோடுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்.

மகள் பன்னிரண்டாவது வந்தாள். அவளுக்கு ஆறுகள் மீது ஒரு பித்து. பள்ளியில் ஓர் ஆசிரியையோடு சேர்ந்து பவனா ஆற்றின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து சோதித்துக் குறித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஆறு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் ஒரு மாதிரியும் இருக்கிறதாம். சாப்பிடும்போது அதைச் சொல்வாள், அவள் அம்மா மூக்கைப் பொத்துவாள். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கத் தெற்கே ஒரு நகரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். கட்டணம் எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள், தேவைப்பட்டால் முழுக் கட்டணத்தையும்கூடத் தள்ளுவார்கள் என்றாள். விண்ணப்பித்தாள். உதவித்தொகைக்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது. அதை அனுப்பக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பத்துப் பேர் நின்றுகொண்டு பிரித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொழிற்சாலையின் தரப்பிரிவு இன்ஜினியர் வருகிறார் என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண். அளவெடுக்கும் வெர்னியரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

“சர், தும்ஹி இத்தே?” என்றாள். நீங்கள் இங்கேயா என்று மராத்தியில் கேட்கிறாள்.

“கன்சல்டிங். பசங்க எப்படிப் பிரிக்கறாங்கன்னு பார்க்க வந்தேன்” என்று இந்தியில் சொன்னேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் பச்சை. அந்தப் பக்கம் போனவள் இரண்டு நிமிடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் செய்தாள். “பஸா சர்”, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மட்டும் நாற்காலி. மற்ற ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மரியாதைக்குத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கு ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் நான் அதில் உட்காரவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மகள் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“அப்பா, ஒரு தடவ படிங்க. தப்பு இருந்தா சொல்லுங்க. சாயங்காலம் அனுப்பிரணும்.”

போன நிதியாண்டின் வருமானச் சான்றை, அதாவது கம்பெனி கொடுத்த ஃபார்ம் பதினாறை, ஏற்கெனவே இணைத்திருந்தாள். அதில் என் பழைய மேனேஜர் சம்பளம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெரிய கட்டம். அதன்பிறகு குடும்ப வருமானத்தில் மாற்றம் ஏதாவது இருந்தால் விளக்கவும் என்று போட்டிருந்தது. அந்தக் கட்டத்தில்தான் அவள் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு பத்தி.

சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவில்லை. ஆனால் என்ன எழுதியிருந்தாள் என்பது அப்படியே இருக்கிறது. என் அப்பாவின் விரல் நுனிகள் பச்சையாக இருக்கும் என்று தொடங்கியிருந்தாள். சாப்பிட உட்காரும் முன் தின்னர் போட்டுத் தேய்ப்பார், அப்படியும் நிறம் முழுதாகப் போவதில்லை. இருபது வருடம் எது நல்லது, எது பழுது என்று முடிவு செய்தவர் அவர். இன்றும் அதையேதான் செய்கிறார். ஆனால் இப்போது யாரும் அவர் பெயரைக் கேட்பதில்லை. கம்பெனி மூடியது, நாள் கணக்கு வேலை, அம்மா ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் உட்கார்வது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருந்தாள். ஒரு பொய் இல்லை. மிகைப்படுத்தியும் ஒன்று இல்லை.

அவள் அதை எத்தனை வாஞ்சையோடு எழுதியிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்தப் பச்சை மட்டும்தான் கண்ணில் பட்டது. என் பெண்ணும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“இத யாரு படிப்பாங்க?”

“எய்டு ஆபீஸ்ல ரெண்டு மூணு பேருப்பா. வெளிய யாருக்கும் காட்ட மாட்டாங்க.”

“இதெல்லாம் எதுக்குப் பாப்பா? கஷ்டம்னு எழுதினா சீட்டே தர மாட்டாங்க. பணம் கட்ட முடியாதவன்னு ஓரமா வெச்சிருவாங்க.”

“இல்லப்பா, அட்மிஷன் வேற, எய்டு வேற. வெப்சைட்ல தெளிவா…”

“வெப்சைட்ல ஆயிரம் போடுவாங்க. நான் இருபது வருசம் ஆடிட் பார்த்தவன். நம்ம குறைய நாமளே எடுத்துக் காட்டக்கூடாது. கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்.”

“அதத்தான கேக்கறாங்க? இந்தக் கட்டத்துல அதத்தான் கேக்கறாங்க.”

அடுக்களையிலிருந்து என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, உள்ளதைத்தானுங்க எழுதியிருக்கறா? அதுல என்னங்க தப்பு இருக்குது?”

“நீ சித்த சும்மா இரு. இதெல்லாம் உனக்குத் தெரியாது” என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும். பல் மருத்துவமனையில் யார் யாருக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் போய்ச் சொல்வதே அவள்தான்.

மகள் கர்சரை அந்த முதல் வரிக்கு நகர்த்தினாள். பிறகு கேட்டாள். “அந்த விரல் பத்தின லைன எல்லாம் எடுத்தர்றேன்ப்பா. வேலை போச்சுன்னு ஒரே ஒரு வரி வெச்சுக்கட்டுமா?”

“ஒரு வரியும் வேண்டாம்.”

இதைத்தான் என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். ஒரு வரி போதும் என்றாள். நான் அதையும் மறுத்தேன்.

அவள் மொத்தத்தையும் ஒரேயடியாக அழித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கடைசி எழுத்தில் கர்சரை வைத்து விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரிகள் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கரைந்துகொண்டே வந்தன. கட்டம் காலியானது. ‘மாற்றம் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, “ஆச்சுப்பா” என்றாள்.

சீட்டுத் தர மாட்டார்கள் என்று நான் சொன்ன காரணத்தை நானே பாதிதான் நம்பினேன். வெள்ளிக்கிழமை அந்த நாற்காலி வராமலிருந்திருந்தால் அப்படிப் பேசியிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பேசியிருப்பேன் என்றுதான் படுகிறது. சத்தம் வேண்டுமானால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பொதுத்தேர்வெல்லாம் முடிந்த பிறகு முடிவு வந்தது. கிடைத்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்களாம். மகள் அம்மாவுக்கு விளக்கினாள்.

“வரிசையில நிக்க வெச்சிருக்காங்கம்மா. யாராவது வேண்டாம்னு போனா நம்மளக் கூப்பிடுவாங்க.”

“நீ எத்தனையாவது ஆளு?”

“அத சொல்ல மாட்டாங்களாம்.”

“அப்புறம் அது என்ன வரிசை?” என்றாள் என் மனைவி.

அந்த இரண்டு மாதம் வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினோம். மகளின் சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாக ‘கன்ஃபர்ம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். இவள் எல்லோருக்கும் பூ அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள். காலையில் பல் துலக்கும் முன்பே மெயிலைத் திறந்து பார்ப்பாள். பார்த்தாளா என்று நான் பார்ப்பேன். அண்ணன் வாரம் தவறாமல் ஃபோன் பண்ணி, “பாப்பாவுக்கு எங்கடா கெடச்சுது?” என்பான். “பெரிய யுனிவர்சிட்டி ஒண்ணுல கூப்பிடறாங்க, பார்க்கலாம்” என்பேன். பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கு அது கேட்கும்.

இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கும் போட்டு வைத்திருந்தோம். அது கிடைத்தது. ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய்ப் பணம் கட்டினேன். திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டாள். “அங்க கெடச்சா இந்தப் பணம் திரும்பி வருமாப்பா?”

“வராட்டிப் போகட்டும்” என்றேன். அன்றைக்கு உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

முதல் மழை பெய்த வாரத்தில் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் எங்கள் ஃபோன்கள் லாக்கரில் இருக்கும். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் மகளிடமிருந்து எட்டு அழைப்புகள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கூப்பிட்டேன். “அப்பா, கெடச்சிருச்சு! வரிசையில இருந்து எடுத்துட்டாங்க!” என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கேன்டீனில் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கே கேட்டிருக்கும். அவன் தன் டப்பாவிலிருந்த சீராவில், நம்மூர்க் கேசரி மாதிரி, ஒரு ஸ்பூன் எடுத்து என் கையில் வைத்தான். அன்று முழுக்க நான் கால் வலியே இல்லாமல் நின்றேன்.

உதவித்தொகைக் கடிதம் மறுநாள் வந்தது. கல்விக் கட்டணத்தில் கால்வாசி தள்ளுபடி. மீதியும் விடுதிச் செலவும் எங்கள் பொறுப்பு. நீங்கள் கொடுத்த வருமானச் சான்றின் அடிப்படையில் கணக்கிட்டோம் என்று ஒரு வரி. ஏழு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மறுபரிசீலனை வேண்டுமென்றால் அதே ஏழு நாளுக்குள் ஆவணங்களோடு கேட்கலாம். கேட்டால், அதற்குப் பதில் வரும்வரை இடத்தை வைத்திருப்பார்கள்.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு துளியும் இல்லை. “அப்பா, இப்ப எழுதட்டுமா?”

“ரெண்டு நாள் பொறு சாமி. வேற வழி இருக்குதான்னு பார்த்தர்றேன்.”

இப்போதாவது சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் படிவத்தைத் தொடாமல் இதைத் தாண்டிவிட முடியுமா என்றுதான் என் புத்தி போயிற்று.

முதலில் வங்கிக்குப் போனேன். கல்விக் கடனுக்கு முதலில் கேட்டது என் இப்போதைய சம்பளச் சீட்டு. முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால் ஏஜென்சியின் சீட்டை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், வீட்டின் மேல் ஏற்கெனவே இருக்கிற கடனைப் பார்த்தார், இந்தத் தொகைக்கு முடியாது சார் என்றார். எதை மறைக்க வேண்டும் என்று மகளின் வாயை அடைத்தேனோ அதை நானே வங்கியில் விரித்துக் காட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

அடுத்து அண்ணன். எதையும் சொல்லாமல், பாப்பா படிப்புக்குக் கொஞ்சம் தேவைப்படுகிறது என்று மட்டும் இழுத்தேன். அவன் சிரித்தான். “ஏண்டா, புனேல மேனேஜர் சம்பளம் வாங்கறவன் எங்கிட்டக் கேக்கற? நானே ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு முழிச்சிட்டிருக்கறேன்.” அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா, நான் மேனேஜர் இல்லை, ஒரு வருடமாக இல்லை என்று. “சும்மாத்தான் கேட்டேன், விடு” என்று பேச்சை மாற்றினேன். கல்யாணப் பத்திரிகை எங்கே அடிக்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

இப்படியே மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் மகளிடம், எழுது என்றேன். பழைய பத்தியின் நகலை அவள் வைத்திருக்கவில்லை. திரும்ப எழுதியது நாலே வரி. தந்தைக்கு வேலை போய்விட்டது, இப்போது தினக்கூலி, சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன. அதில் என் விரல் இல்லை. நானே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

வேலையை விட்ட தேதிக்குச் சான்று வேண்டும். கம்பெனி மூடும்போது கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை நான் வாங்கவே போகவில்லை. எங்கே காட்டப்போகிறோம் என்ற அலட்சியம். அதைக் கையில் வாங்கினால் எல்லாம் முடிந்துவிட்டதென்று ஆகிவிடும் என்கிற பயமும் இருந்தது. போசரிக்குப் போனேன். கேட்டில் வேறொரு கம்பெனியின் பலகை. முதலாளியின் அலுவலகம் இப்போது நகரத்துக்குள், கேம்ப் பகுதியில் இருக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். மறுநாள் கேம்புக்குப் போனால், பழைய அக்கவுண்டன்ட் மட்டும் இருந்தார். லெட்டர்ஹெட் இருக்கிறது, கையெழுத்துப் போட முதலாளி இல்லை, மும்பை போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். கெடு ஞாயிற்றுக்கிழமை.

ஏஜென்சியின் சீட்டை மட்டும் வைத்து ஞாயிற்றுக்கிழமை மனுவை அனுப்பினோம். கடிதம் பின்னால் வரும் என்று ஒரு குறிப்பும் எழுதினோம். திங்கட்கிழமை முதலாளி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். “இத ஏன் அப்பவே வந்து வாங்கல? ரெண்டு நிமிஷ வேலை” என்று இந்தியில் கேட்டார். பிறகு, “கம்பெனிய மூடினது நான். வெக்கப்பட வேண்டியது நான்தானே? நீங்க எதுக்கு மறைக்கணும்?” என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன்.

கடிதத்தையும் அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். பதில் இல்லை. புதன்கிழமை இடைவேளையில் தொழிற்சாலைக்கு வெளியே ஒரு டீக்கடையின் தகரத்துக்குக் கீழ் ஒதுங்கி, நானே அவர்களுக்கு ஃபோன் பண்ணினேன். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். எடுத்தது ஒரு பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். கோப்பை எடுத்துப் பார்த்தார்.

“சார், உங்க நிலைமை புரியுது. முதல் ஃபார்ம்லயே இது இருந்திருந்தா கமிட்டி கண்டிப்பா பார்த்திருப்பாங்க. அதுல மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கு. இப்ப இந்த வருஷ நிதி முழுக்கப் பிரிச்சுக் குடுத்தாச்சு. ஐ ஆம் ஸாரி சார்.”

“இருந்திருந்தா முழுசும் குடுத்திருப்பீங்களா மேடம்?”

“அத நான் சொல்ல முடியாது சார்” என்றார்.

நான் நன்றி சொன்னேன். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போய், ஷிஃப்ட் முடிகிறவரை பிரித்தேன்.

வீட்டில், “இந்த வருசம் ஃபண்டு தீர்ந்துபோச்சாம்” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண்மணி சொன்னதில் பின்பாதி அது. முன்பாதியை விழுங்கிவிட்டேன். மகள் தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலமே அவளாகவே அந்த இடம் வேண்டாம் என்று அழுத்தினாள். இடம் கொடுத்ததற்கு நன்றி என்று ஒரு மெயிலும் எழுதினாள். அவள் அம்மா அடுக்களையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “விடும்மா, வேற யாராச்சும் வரிசையில நிப்பாங்கல்ல, அவங்களுக்குக் கெடைக்கும்” என்றாள் மகள்.

இங்கே கல்லூரி தொடங்கி ஒரு மாதம் இருக்கும். லேப் கோட் வாங்கக் கேம்புக்குப் போனோம், நானும் அவளும். வாங்கி முடித்து ஓர் இரானி டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் டீயும் சொன்னோம். அவள் புதுக் கோட்டைப் பையிலிருந்து எடுத்து, கை நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஃபோனில் அந்தப் பெண்மணி சொன்ன முன்பாதியைச் சொன்னேன். முதல் படிவத்திலேயே இருந்திருந்தால் என்று தொடங்கியதை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“எப்படி?”

“அந்தக் கட்டத்துக்குக் கீழயே சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. இப்ப சொல்லாம அப்புறம் சொன்னா பெரும்பாலும் எடுத்துக்க மாட்டோம்னு.”

“அன்னைக்கே படிச்சியா?”

“ம்.”

“அப்புறம் ஏன் அழிச்ச பாப்பா? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

அவள் கோட்டை மடித்தாள். மடிக்கத் தெரியாமல் இரண்டு தடவை பிரித்து மடித்தாள். “நீங்க அழிக்கச் சொன்னீங்க. உங்க முகம் அப்படி இருந்துச்சுப்பா” என்றாள். அதைப் பைக்குள் வைத்துவிட்டு, “நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்கள ஒரு தடவ கேட்டுட்டு எழுதியிருக்கணும்” என்றாள்.

மன்னிப்பு அவள் கேட்கிறாள். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நீ எழுதினது ரொம்ப நல்லா இருந்துச்சு என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா இல்லையா என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினான். “பைத்தியக்காரா, கேட்டப்பவே சொல்லியிருந்தா எதையாச்சும் அடமானம் வெச்சாவது குடுத்திருப்பனேடா” என்றான். அண்ணி அவனைப் பேச விடாமல் என் இலையில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். இங்கே தமிழ்க் குடும்பங்களிடமும் மெல்ல மெல்லச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் தனக்கும் எட்டு மாதமாக வேலை இல்லை என்றார். இன்னொருவர் ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்களா, மச்சினனுக்கு வேண்டும் என்று கேட்டார். பொங்கலுக்கு வழக்கம்போல மேனேஜர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவுக்காகவா அவள் அந்த விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்?

மகள் நன்றாகத்தான் படிக்கிறாள். ஓர் ஆசிரியரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திராயணி ஆற்றங்கரைக்குப் போகிறாள். வரும்போது செருப்பெல்லாம் சேறு. சிநேகிதிகள் இருக்கிறார்கள், சிரிக்கிறாள். அவள் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று நான் எழுதினால் அவளே கோபித்துக்கொள்வாள். ஆனால் ஒருநாள் அவள் பின்னால் நடந்துபோகும்போது லேப்டாப்பில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பார்த்தேன். அவளோடு சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் ஏதோ ஓர் ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிற படம். என்னைக் கண்டதும் அவள் பதறி மூடவில்லை. பார்த்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் மூடினாள்.

போன மாதம் ஓர் அறக்கட்டளை மேல்படிப்புக்குத் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். “உங்க சம்பளச் சீட்டு மூணு மாசத்துது வேணும்ப்பா.” அன்று சாயங்காலமே எடுத்துக் கொடுத்தேன். ஏஜென்சியில் என்னை இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், கடிதம் வேண்டுமானால் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம், இது போதும் என்றாள். படிவத்தை அவளும் அவள் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். நான் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்று கூப்பிடுவாளா என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. அனுப்பியாகிவிட்டது என்று என் மனைவிதான் வந்து சொன்னாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முடிவு வர இன்னும் ஆறு வாரம் ஆகுமாம்.